ஆவாரங்குச்சி, எருக்கிலை, எஃகு: கட்டணமில்லாக் கணினிக் கல்வியின் கதை

மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். இம்மலரில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முனைவர்கள், நானோ ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவன். "நீங்க படிச்ச கதையையே எழுதுங்க சார், அதுவும் வரலாறுதானே" என்றார் குழுவில் இருந்த நண்பர். வீட்டுக்கு வந்து யோசித்ததில் அவர் சொன்னது சரியென்றே பட்டது. காசு கொடுக்காமல் கணினி வழியே பாடம் படிக்கும் வசதி நம் நாட்டுக்கு எப்படி வந்தது, அதில் தமிழர் பங்கு என்ன, இந்தப் பெங்களூரின் பங்கு என்ன என்பதை ஒரு மாணவனாகக் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். அந்த அளவில் இதை எழுதுகிறேன். பிழையிருந்தால் அறிஞர்கள் பொறுத்தருள்க.

எல்லாம் ஒரு கேள்வியில் தொடங்கியது. 1976ல் பழைய தென் ஆற்காடு மாவட்டத்துச் சங்கராபுரம் பக்கத்திலிருந்து பெங்களூர் வந்து, ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் சேர்ந்தேன். மேஸ்திரி கோலார் தங்கவயல் தமிழர். உளி, பஞ்ச் முதலியவற்றைச் சிவக்கக் காய்ச்சி முக்கி எடுப்போம். அப்போது அது கண்ணாடி போல் ஆகியிருக்கும். கீழே போட்டால் தெறித்துவிடும். ஆகவே மேற்பரப்பைப் பளபளவென்று தேய்த்து, மறுபடி மெல்லச் சூடேற்றுவோம். அதைத்தான் டெம்பர் பண்ணுவது என்போம். சூடு ஏற ஏற இரும்பின் மேல் நிறங்கள் ஓடும். முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, கடைசியில் நீலம். "வைக்கோல் கலர் வந்தா பஞ்சுக்கு நிறுத்து, ஊதா வந்தா உளிக்கு நிறுத்து. நீலத்துக்குப் போயிட்டா ஸ்பிரிங்குக்குத்தான் ஆகும் தம்பி" என்பார் மேஸ்திரி. ஏன் நிறம் மாறுகிறது என்று ஒருநாள் கேட்டேன். "இரும்புக்குக் கோவம் ஆறுதுப்பா" என்றார். அருமையான பதில்தான். ஆனால் எனக்குப் போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பன் பூங்காவின் சிவப்புக் கட்டிடத்துக்குப் போவேன். சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபத்தில் இயங்கும் மாநில மத்திய நூலகம் அது. உலோகவியல் புத்தகம் இருந்தது. என் ஆங்கிலம்தான் இல்லை. படங்களைப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். டாடா இன்ஸ்டிட்யூட் என்று ஊரார் சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தின் மதில் ஓரமாக எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். என் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் அந்த மதிலுக்குள் இருப்பார்கள் என்பது தெரியும். உள்ளே போய்க் கேட்க ஓர் ஐ.டி.ஐ. பையனுக்குத் துணிச்சல் வருமா?

வீடு தேடிப் பாடம் அனுப்பும் எண்ணம் இணையத்தோடு பிறந்ததன்று. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி, 6 மாநிலங்களில் 2400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பாடம் அனுப்பியது நம் இஸ்ரோ. கர்நாடகத்தின் ராய்ச்சூர், பீஜப்பூர், குல்பர்கா பக்கத்துக் கிராமங்கள் அதில் உண்டு; தமிழ்நாடு இல்லை. பிறகு 1984 ஆகஸ்டு 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் கல்லூரிப் பாடங்களை ஒளிபரப்பத் தொடங்கியது. பகல் வேளையில் வரும். பகலில் நான் லேத்தின் முன்னால் நிற்பேன். விடுமுறை நாளில் கண்டதுண்டு கடியாகப் பார்த்ததோடு சரி. நிறுத்தி, திருப்பிப் போட்டுப் பார்க்க முடியாத பாடம் என்னைப் போன்ற மந்தமான மாணவனுக்கு உதவாது.

1995 ஆகஸ்டு 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய இணைப்புக் கொடுக்கத் தொடங்கியது. அதே ஆண்டில்தான் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழ் எழுத்தை இணையத்தில் ஏற்றினார். 1998 பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' பிறந்தது. தொடங்கியவர் முனைவர் கு. கல்யாணசுந்தரம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்தவர். தமிழ் நூல்களைக் கணினியில் தட்டெழுதி, மெய்ப்புப் பார்த்து, உலகில் எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வைப்பதுதான் திட்டம். மைக்கேல் ஹார்ட் என்ற அமெரிக்கர் 1971ல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம்தான் இதற்கு முன்னோடி. மதுரைத் திட்டத்தில் சம்பளம் வாங்கியவர் எவருமில்லை. வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, இரவில் உட்கார்ந்து பத்து பக்கம், இருபது பக்கம் என்று அடித்துக் கொடுத்தவர்கள் பல நாடுகளில் இருந்தார்கள். ஊரைவிட்டு வெளியே போனவர்களுக்குத்தான் புத்தகத்தின் அருமை முதலில் தெரிந்தது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஊரில் இருந்தவர்களுக்கு அலமாரியில் கைநீட்டினால் கிடைத்தது, அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

2001 வாக்கில் எங்கள் தெருமுனையில் ஒரு பிரவுசிங் சென்டர் வந்தது. மணிக்கு இருபது ரூபாய். மதுரைத் திட்டப் பக்கத்தைத் திறந்தால் கம்பளிப்பூச்சி ஊர்ந்தது போல என்னென்னவோ குறிகள்! எனக்குத் திக்கென்றாகிவிட்டது. கடைப்பையன் கன்னடக்காரன், அவனே தேடி, டிஸ்கி எழுத்துருவை இறக்கி நிறுவிக் கொடுத்தான். யூனிகோடு பரவுவதற்கு முந்தைய அந்தக் காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு, இடத்துக்கொரு குறியேற்றம். இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில், உலகெங்கும் உள்ள தமிழர்க்காக இணையவழிப் பல்கலைக்கழகம் ஒன்று அமையும் என்று தமிழக அரசு அறிவித்தது. 2001 பிப்ரவரி 17ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. இப்போது அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம். அதை உருவாக்கி நடத்தியவர் முனைவர் வா.செ. குழந்தைசாமி. அவர் நீரியல் படித்த பொறியாளர். குலோத்துங்கன் என்ற பெயரில் கவிஞர். தொலைவழிக் கல்விக்கென்றே அமைந்த இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். வீட்டிலிருந்து படிப்பவனுடைய தவிப்பு தெரிந்தவர் கையில் அந்த வேலை போய்ச் சேர்ந்தது நம் நல்ல காலம். மழலைக் கல்வியிலிருந்து பட்டப்படிப்பு வரை அங்கே பாடங்கள் உண்டு. சான்றிதழ், பட்டம் வேண்டுமானால் கட்டணம். பாடத்தைப் படிக்கவும் அகராதி, உரைநூல்களைப் புரட்டவும் கட்டணமில்லை.

இவை தமிழ் படிக்க. இரும்பு படிக்க என்ன வழி? அதற்கு நாம் சென்னை ஐ.ஐ.டி.க்குப் போகவேண்டும்.

2001 ஏப்ரலில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடங்களையெல்லாம் இலவசமாக வெளியிடப்போவதாக அறிவித்ததும் உலகமே கைதட்டியது. நம்மவர்கள் அதைப் பார்த்துத்தான் தொடங்கினார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. நாடு முழுவதும் பொறியியல் கல்லூரிகள் பெருகி, பாடம் நடத்த ஆசிரியர் கிடைக்காத நிலையில், இதற்கான திட்டத்தை 1999லேயே எழுதி அரசுக்கு அனுப்பியவர் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் எம்.எஸ். ஆனந்த். வெளிநாட்டு உதவியே இல்லையென்றும் சொல்லமுடியாது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பால் குட்மன் வந்து பேசிய பேச்சும், அதையொட்டி நடந்த கருத்தரங்குகளும் அதற்கு உரமாயின. 2003ல் மத்திய அரசு பணம் ஒதுக்கியது. என்பிடெல் என்ற அந்தத் திட்டத்தில் ஏழு ஐ.ஐ.டி.க்கள், எட்டாவதாக நம் ஊர் இந்திய அறிவியல் கழகம். முதல் கட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்ட எழுத்துப் பாடங்கள், நூற்றுக்கு மேற்பட்ட காணொளிப் பாடங்கள். வேதியியல் பேராசிரியர் மங்கள சுந்தர் கிருஷ்ணன் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் இதற்காக அலைந்திருக்கிறார்கள். வகுப்பறையில் நூறு பேருக்கு நடத்தும் பாடத்தை, தலையும் முகமும் தெரியாத லட்சம் பேர் பார்க்கப்போகிறார்கள் என்றால் எந்த ஆசிரியருக்கும் கொஞ்சம் உதறத்தான் செய்யும். அவர்கள் துணிந்து கேமரா முன் நின்றதை நான் சிறிய காரியமாக நினைக்கவில்லை.

என் மகன் வீட்டில் கணினி வாங்கிய பிறகு, கரக்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர்.என். கோஷ் போன்றவர்களின் உலோகவியல் பாடங்கள் கண்ணில் பட்டன. நிறுத்தினேன், திருப்பினேன், மறுபடி கேட்டேன். ஒரு மணிப் பாடத்துக்கு நான்கு நாள் ஆகும். அப்படித்தான் ஓர் இரவு என் கேள்விக்குப் பதில் கிடைத்தது. பழுக்கக் காய்ச்சிய இரும்பு, கரியை, அதாவது கார்பனைத் தன் அணுக்கட்டுக்குள் கரைத்து வைத்துக்கொள்கிறது. சட்டென்று முக்கும்போது வெளியேற நேரமில்லாமல் கரி உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. அந்த நெருக்கடிதான் கடினம். அதுவே உடையும் குணமும். மெல்லச் சூடேற்றினால் மாட்டிய கரியில் கொஞ்சம் விடுபட்டு, நெருக்கடி தளர்கிறது. மேஸ்திரி 'கோவம் ஆறுது' என்றாரே, அதேதான்! நிறம் மட்டும் வேறு விஷயம். சூட்டில் இரும்பின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் படர்கிறது. படலத்தின் மேல்பக்கம் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பக்கம் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலந்து சில நிறங்களை அடக்கிச் சிலவற்றைத் தூக்கிக் காட்டுகின்றன. மழை நாளில் ரோட்டில் சிந்திய எண்ணெயில் வானவில் தெரிகிறதே, அதே சங்கதி. சுமார் 230 டிகிரியில் வைக்கோல், 300ல் நீலம். முப்பது ஆண்டுக்கு மேல் கண்ணால் பார்த்த ஒன்றை அன்று இரவுதான் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். சொல்வதற்கு மேஸ்திரி உயிரோடு இல்லை.

ஒரு பாடம் இன்னொரு பாடத்துக்கு இழுத்துக்கொண்டு போகும் என்பது இலவசக் கல்வியில் நான் கண்ட சுகம். கல்லூரியில் அப்படி விடமாட்டார்கள். உலோகவியலிலிருந்து ஒளியியல். ஒளியியலிலிருந்து சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி. பாலகிருஷ்ணன் நடத்திய குவாண்டம் இயற்பியல். அது எனக்குத் தலைக்குமேல் வெள்ளம், மூன்றாவது வகுப்பிலேயே கரையேறிவிட்டேன். ஆனாலும் கரும்பலகை முன் அவர் சிந்திப்பதைப் பார்த்தாலே போதும், ஒரு கச்சேரி கேட்ட மாதிரி இருக்கும்.

இப்படித் தேடிக்கொண்டிருந்த ஒருநாள், இந்திய அறிவியல் கழகத்தின் உலோகவியல் துறைப் பக்கத்தில் ஒரு கட்டுரை கிடைத்தது. 'ஊட்ஸ்' எஃகைப் பற்றி சாரதா சீனிவாசன், எஸ். ரங்கநாதன் இருவரும் எழுதியது. அவர்கள் இது பற்றி 2004ல் புத்தகமும் வெளியிட்டிருக்கிறார்கள். தென்னிந்தியாவில் மூசையில் இரும்பை உருக்கி எடுத்த, சுமார் ஒன்றரை சதவீதம் கரி கொண்ட உயர்ந்த எஃகு அது. அரபு நாடுகளுக்குப் போய் டமாஸ்கஸ் வாளானது. கன்னடத்தில் உக்கு, தமிழில் உருக்கு. அந்தச் சொல்தான் ஐரோப்பியர் வாயில் ஊட்ஸ் ஆகியிருக்கலாம் என்பது பலர் கருத்து. உற்பத்தி நடந்த இடங்களைச் சொல்லி வருகையில் ஒரு பெயர்: மேல்சிறுவளூர், தென் ஆற்காடு மாவட்டம்.

எங்க ஊர்ப்பக்கம்! எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். அதுவரை வெளியில் தெரியாதிருந்த அந்த மூசை எஃகுத் தடயத்தைச் சாரதா சீனிவாசன் 1994ல் ஆய்விதழில் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தில் பிறந்து, பிழைப்புக்காக இங்கே வந்து, வாழ்நாளெல்லாம் எஃகைக் காய்ச்சி முக்கியவனுக்கு, தன் மண்ணில் எஃகு செய்தார்கள் என்பது ஐம்பது வயதுக்கு மேல், பஸ்ஸில் கடந்துபோன அந்த மதிலுக்கு உள்ளேயிருந்து வந்து சேர்கிறது. நந்தி மலையில் பிறந்து இந்தப் பெங்களூரின் ஓரமாகவே ஓடும் தென்பெண்ணைதான் சாத்தனூர் அணை கடந்து எங்கள் பக்கம் வருகிறது. அந்த ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன், அது வந்த வழியே எதிர்த்திசையில் நடந்து வந்திருக்கிறேன் போல.

பிறகு சும்மா இருக்க முடியுமா? 19ஆம் நூற்றாண்டில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர், சேலம் பக்கத்தில் எஃகு செய்த முறையை எழுதிவைத்திருக்கிறார். இரும்புத் துண்டுகளோடு காய்ந்த ஆவாரங்குச்சியை மூசையில் இட்டு, எருக்கிலையால் மூடி, களிமண் பூசி அடைத்து உலையில் வைப்பார்களாம். ஆவாரையும் எருக்கும் எங்கள் கொல்லைமேட்டில் ஆடு கூடச் சீந்தாமல் கிடக்கும் செடிகள். கரி அங்கிருந்துதான் இரும்புக்குள் போயிருக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1819ல் இந்த ஊட்ஸைப் பகுத்து ஆராய்ந்து கட்டுரை எழுதினார். அவர் ஒரு கொல்லர் மகன், பள்ளிப்படிப்பு அதிகமில்லை, புத்தகம் தைக்கும் கடையில் வேலை செய்துகொண்டே, தைக்க வந்த புத்தகங்களைப் படித்தார். கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த இலவச டிக்கெட்டில்தான் 1812ல் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார். இதைப் படித்தபோது எனக்கு அவர் மேல் ஒரு பங்காளிப் பாசம் வந்துவிட்டது.

'எஃகு' என்ற சொல்லை மதுரைத் திட்டத்தின் புறநானூற்றுக் கோப்பில் தேடினேன். அச்சுப் புத்தகத்தில் ஒரு மாதம் ஆகும் வேலை, கணினியில் ஒரு விசையில் முடிந்தது. வேல், கூரிய படைக்கலம் என்ற பொருளில் பல இடங்களில் வருகிறது. இங்கே ஒன்று சொல்லவேண்டும். சொல் இருப்பதாலேயே சங்க காலத்தில் மூசை எஃகு செய்தார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கூர்மையான ஆயுதத்துக்குப் பெயராக இருந்த சொல், பின்னால் உலோகத்துக்குப் பெயராகியிருக்கலாம். நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளை அகழ்ந்து காட்டியிருக்கிறார்கள், அது சான்று. மேல்சிறுவளூர் எச்சங்களின் காலத்தைப் பற்றி அவசரப்பட்டு மேடையில் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இந்த நிதானத்தையும் அந்தப் பாடங்கள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தன.

எஃகால் இன்னொரு பயனும் விளைந்தது. என் பேத்தி பெங்களூரில் பிறந்தவள். பள்ளியில் ஆங்கிலம், கன்னடம், இந்தி, தமிழ் இல்லை. நம்மில் பெரும்பாலோர் வீட்டு நிலைமை இதுதானே. இணையக் கல்விக்கழகத்தின் மழலைக் கல்விப் பாடத்தை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். ஆய்த எழுத்து வந்ததும் "இது என்ன தாத்தா, மூணு புள்ளி?" என்றாள். எஃகு என்று எழுதிக் காட்டி, பஞ்ச் ஒன்றைக் கையில் கொடுத்தேன். உடன்படிக்கை ஆயிற்று: நான் அவளுக்குத் தமிழ், அவள் எனக்குப் பாடத்தின் ஆங்கிலம்.

2014 மார்ச் முதல் என்பிடெல் தேர்வு வைத்துச் சான்றிதழும் தரத் தொடங்கியது. 2017 ஜூலை 9ல் வந்த மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்திலும் அந்தப் பாடங்கள் சேர்ந்தன. படிப்பு இலவசம், தேர்வுக்கு மட்டும் நேரில் போய் எழுத வேண்டும், ஆயிரம் ரூபாய் கட்டணம். ஓய்வு பெற்ற பிறகு, பேத்தியின் பிடிவாதத்தால், 12 வாரப் பாடம் ஒன்று முடித்துத் தேர்வெழுதப் போனேன். தேர்வு மையத்தில் வரிசையில் நின்ற பையன் ஒருவன், "அங்கிள், யாரைக் கொண்டுவிட வந்தீங்க?" என்றான். நாற்பது எடுத்தால் தேர்ச்சி. நான் 52. என் வாழ்நாளில் ஃபிரேம் போட்டு மாட்டிய ஒரே காகிதம் அது.

கசப்பான ஒரு விஷயத்தையும் எழுதியாக வேண்டும். கார்னகி மெலனின் ராஜ் ரெட்டி, நம் ஊர் இந்திய அறிவியல் கழகத்தின் என். பாலகிருஷ்ணன் ஆகியோர் முயற்சியில் உருவான இந்திய மின்னூலகத்தில் லட்சக்கணக்கான பழைய நூல்கள் படமெடுத்து வைக்கப்பட்டன. பதிப்புரிமைச் சிக்கல்களுக்கு இடையே 2017 வாக்கில் அந்தத் தளம் நின்றுபோனது. நல்லவேளையாக அதிலிருந்த நூல்களில் பெரும்பகுதியை வேறு ஆர்வலர்கள் முன்பே நகலெடுத்து, அமெரிக்காவின் இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றியிருந்தார்கள். இல்லையென்றால்? 1981ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது போனது போனதுதான். அந்த வடுவைச் சுமந்த ஈழத்தமிழர் 2005ல் 'நூலகம்' என்ற இணைய நூலகத்தைத் தொடங்கி, கிடைக்கும் ஒவ்வொரு தாளையும் சேர்த்து வருகிறார்கள். கணினியில் ஏற்றிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று நாம் இருந்துவிடுகிறோம். சர்வருக்கு வாடகை கட்டாவிட்டால் தீக்குச்சியே தேவையில்லை. நம் சங்க நூலகத்தில் உள்ள பழைய ஆண்டுமலர்களுக்கு ஒரு நகலாவது வேறிடத்தில் உண்டா என்று நிர்வாகிகள் தயவுசெய்து பார்க்கவேண்டும்.

மொழியும் பெரிய தடைதான். பாடம் இலவசம், ஆனால் ஆங்கிலத்தில் இருக்கிறது. சில பாடங்களுக்குத் தமிழில் எழுத்துரை கொடுத்திருக்கிறார்கள். கொடுக்காதவை மிகப் பல. பீன்யாவில் ஒரு ஹீட் ட்ரீட்மெண்ட் பட்டறையில் வேலை பார்க்கும் தருமபுரிப் பையன் ஒருவன், போனில் இந்தப் பாடங்களைப் பார்க்க முயன்று கைவிட்டதாக என்னிடம் சொன்னான். கப்பன் பூங்கா நூலகத்தில் படம் பார்த்துத் திரும்பிய அந்தப் பழைய ஆள் எனக்கு நினைவுக்கு வந்தான். இப்போது ஞாயிறு காலை பத்து மணிக்கு அவனும் அவன் கூட்டாளிகள் இருவரும் என் வீட்டுக்கு வருகிறார்கள். பாடத்தை ஓடவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, நான் எனக்குத் தெரிந்த தமிழில் சொல்கிறேன். தெரியாத இடத்தில் பேத்தி ஆங்கிலத்தைப் பிரித்துக் கொடுக்கிறாள். போன வாரம் அந்தப் பையன், "ஐயா, ஒரே சைஸ் பீஸ்தான். ஒரு ஸ்டீலைத் தண்ணியில போட்டா நிக்குது, இன்னொன்னு விரிசல் விடுது. அதை எண்ணெயிலதான் போடணும்னு சொல்றாங்க. ஏன்?" என்று கேட்டான். கலப்பு உலோகங்கள் பற்றிய பாடம் இன்னும் நாலு வகுப்பு தள்ளி இருக்கிறது. வரிசையை மாற்றி, வருகிற ஞாயிறே அதைப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.